எடை போடும் முன் எழுத்தைப் படியுங்கள்

பெங்களூரைச் சுற்றியுள்ள பழைய கிளைப்பாதைகளுக்குப் பொறுப்பான ரயில்வே அலுவலர்களுக்கு, குறிப்பாகப் பாதைப் பிரிவுக்கும் பொருள்வைப்புப் பிரிவுக்கும் பதிவேட்டு அறைக்கும்:

நேரோ கேஜ் எனும் குறுகிய பாதைக் காலத்து நிலையங்களிலும், பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர்களின் கேங் குடிசைகளிலும் மிச்சமாகக் கிடக்கும் இரும்பையும் மரத்தையும் லாட் பிரித்து ஏலம் விடுவது, அதே கையோடு பழைய பதிவேடுகளையும் 'காலாவதி' என்று எழுதிக் கழிப்பது என்ற முடிவைப் பெங்களூர்த் தமிழர்களான நாங்கள் ஏற்கவில்லை. இரும்பை விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. துருப்பிடித்த ஒவ்வொரு துண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லவும் இல்லை. படிக்காமல் விற்காதீர்கள் என்கிறோம். ஏலப் பட்டியலில் 'பழைய தண்டவாளம், இத்தனை டன்' என்று ஒரே வரியாக நிற்பது, பாதையில் கிடக்கும்போது ஒரு மாவட்டத்தின் நூறு ஆண்டுக் கணக்கு.

எந்தப் பாதைகளைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறோம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு மெட்ராஸ் ரயில்வே 1864இல் பாதை திறந்தது. அதில் மைசூர் ஆணையர் பவுரிங் பெயரால் ஏற்பட்ட பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காருபேட்டை. அங்கிருந்து 1894இல் கோலார் தங்கவயலுக்குச் சுமார் 16 கிலோமீட்டரில் அகலப்பாதைக் கிளை பிரிந்து மாரிக்குப்பம் வரை போனது. அதே பங்காருபேட்டையிலிருந்து 1913இல் கோலாருக்கு 2 அடி 6 அங்குல நேரோ கேஜ் போடப்பட்டது. மறுமுனையில் எலஹங்காவிலிருந்து சிக்கபள்ளாப்பூருக்கு 1915இல் இன்னொரு நேரோ கேஜ் வந்தது. பிறகு சிந்தாமணி வழியாக இரண்டும் இணைந்து, நந்தி மலையைச் சுற்றிய பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு வளையமாகத் தொட்டன. பாலாறும் தென்பெண்ணையும் அர்க்காவதியும் பிறக்கும் தலைமடை அது. அந்தத் தண்ணீர் வேலூருக்கும் கடலூருக்கும் போவதால் மட்டும் நாங்கள் அக்கறைப்படவில்லை. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் கணிசமானவை இந்தக் கிளைகளின் வழியாகத்தான் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தன. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, தங்கவயலை உயிரோடு வைத்திருப்பதில் மாரிக்குப்பம் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. விடியும் முன்பே அந்த வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் இது புரியும்.

எலஹங்கா–சிக்கபள்ளாப்பூர், பங்காருபேட்டை–கோலார் துண்டுகள் 1990களில் அகலப்பாதையாயின. நடுவில் விடுபட்டிருந்த கோலார்–சிக்கபள்ளாப்பூர் துண்டு 2013இல்தான் முடிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழையது ஒரு சுற்று கழிந்திருக்கிறது. இப்போது 2020இல் ஒப்புதல் பெற்ற 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு தடம் தேவனஹள்ளிக்குப் போகிறது. இந்தச் சுற்றிலும் படிக்காமல் கழித்துவிட்டால், நேரோ கேஜ் என்ற ஒன்று இங்கே ஓடியதற்கு மண்ணில் ஆதாரம் மிஞ்சாது.

தண்டவாளத்திலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் முதலில் லாரி ஏறுவது அதுதான். தண்டவாளத்தின் நடுப்பகுதியில், அதாவது தலைக்கும் அடிப்பாதத்துக்கும் இடைப்பட்ட மெல்லிய இடுப்பில், உருட்டாலை புடைப்பெழுத்தில் பதித்த குறி இருக்கும். ஆலையின் பெயர், ஆண்டு, பெரும்பாலும் மாதம், ஒரு கஜத்துக்கு எத்தனை பவுண்ட் எடை என்பது, சில நேரம் வாங்கிய ரயில்வேயின் முதலெழுத்துகள். உருளை ஒவ்வொரு சுற்றிலும் பதிப்பதால் ஒரே தண்டவாளத்தில் அந்தக் குறி திரும்பத் திரும்ப வரும். பாதை திறந்த ஆண்டும் குறியிலுள்ள ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெயின் லைனில் தேய்ந்தது கிளைப்பாதைக்கு இறங்குவதும், கிளையில் தேய்ந்தது யார்டுக்கும் வேலிக்கும் இறங்குவதும் ரயில்வேயில் காலங்காலமாக நடப்பவை. ஆகவே ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கம்பமாக நட்டிருக்கும் தண்டவாளம் அந்தக் கிளையைவிட மூத்ததாக இருக்கலாம். எங்கே உருட்டப்பட்டு, எதில் தேய்ந்து, எங்கே வந்து நின்றது என்பதை அந்த ஒரு கம்பம் சொல்லும்.

அது சொல்லாமல் போவதற்குக் காரணங்கள் பல. கேஸ் கட்டரோடு வருபவர் லாரியின் நீளத்துக்கு வெட்டுகிறார். குறியின் நடுவில் சுடர் பாய்ந்தால் பெயர் ஒரு துண்டிலும் ஆண்டு இன்னொன்றிலுமாகப் பிரிகிறது. கம்பமாக நின்றவற்றின் மேல் வருடா வருடம் வெள்ளையும் கறுப்புமாகப் பெயிண்ட் ஏறி எழுத்து மேடு நிரம்பிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்ய வருபவர் கிரைண்டர் பிடித்தால் மிஞ்சியதும் போகும். எல்லாவற்றையும்விடக் கேடு, பத்து இடத்துத் தண்டவாளத்தையும் ஒரே குவியலாக்குவது. குவியலில் கிடப்பது எந்த வளைவிலிருந்து, எந்த லூப் லைனிலிருந்து வந்தது என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. இடம் தெரியாத தண்டவாளம் பாதி ஊமை.

படிக்கும் முறையில் மர்மம் எதுவுமில்லை. செதிலாகத் தொங்கும் துருவை மரச்சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷை நீளவாக்கில் மட்டும் ஓட்ட வேண்டும். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மேடான எழுத்து மட்டும் வெளுத்து நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால், இருட்டிய பிறகு டார்ச்சைத் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மறைந்தது நிழலில் எழுந்து வரும். 30 சென்டிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம், எந்தக் கிலோமீட்டர், எந்தப் பக்கம், இப்போது என்னவாகப் பயன்பட்டது என்று ஒரு வரி. பிறகுதான் வெட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். முழுக் குறியும் ஒரே துண்டில் விழும்படி வெட்டினால் போதும். மிச்சத்தை ஏலத்தில் விடுங்கள்.

குறி முற்றிலும் அழிந்திருந்தாலும் வழி இருக்கிறது. தலையின் அகலம், மொத்த உயரம், பாதத்தின் அகலம் ஆகிய மூன்றையும் வெர்னியரால் அளந்து, 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை நிறுக்க வேண்டும். கஜத்துக்கு 30 பவுண்ட் தண்டவாளம் மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ, ஆகவே அந்தத் துண்டு 1.5 கிலோவை ஒட்டி இருக்கும். 60 பவுண்ட் என்றால் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அகலப்பாதையின் 90 பவுண்ட் 4.5 கிலோவுக்கு அருகில் வரும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் இரும்புக்கடைத் தராசு ஒரே விலைக்குத்தான் எடுக்கும். ஆனால் இலகுரக வண்டிக்குப் போட்டது எது, பின்னால் பலப்படுத்தியது எது, வெளியிலிருந்து கொண்டுவந்தது எது என்பது இந்த எடையில்தான் பிரிகிறது.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையும் அப்படித்தான். நேரோ கேஜ் கட்டை 1.5 மீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். அகலப்பாதைக் கட்டை 2.75 மீட்டர் நீளம். இந்த ஊர்களில் நிலைப்படியாகவும் மாட்டுக்கொட்டகைத் தூணாகவும் நிற்கும் கட்டைகளில் ஆணித் துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தால், அது 762 மில்லிமீட்டர் பாதையைத் தாங்கியதா 1676ஐத் தாங்கியதா என்று தெரிந்துவிடும். வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் தட்டுகளில் வார்ப்படச்சாலையின் குறியும் ஆண்டும் மேலேயே இருக்கும். வார்ப்பிரும்பு அடி தாங்காது. ஏற்றி இறக்கும்போது சம்மட்டியால் உடைத்துப் போடுவது வழக்கம் என்பதால் முழுத் தட்டு கிடைப்பது அரிது. குறிக்கு ஒன்றாவது உடைபடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

விற்க முடியாதவையும் இருக்கின்றன. அவை கவனிப்பாரின்றியே அழிகின்றன. நேரோ கேஜில் வளைவின் ஆரம் 44 மீட்டர் வரை இறங்க விதி இடம் தந்தது. அகலப்பாதைக்குக் குறைந்தது 175 மீட்டர் வேண்டும். ஆகவே கேஜ் மாற்றும்போது நெளிந்து போன இடங்களை விட்டுப் பாதை நேராக ஓடும். விடுபட்ட துண்டில் பழைய மண்மேடு, மேலே நாலு மீட்டருக்கும் குறைந்த அகலத்தோடு, வயலுக்கு நடுவே நிற்கும். அதில் ஒரு கல்வளைவு மதகு இருக்கும், அதன் கைப்பிடிச் சுவரில் பால எண்ணோ ஆண்டோ வெட்டியிருக்கலாம். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சரிவுக் கம்பமும் மைல் கல்லும் அப்படியே கிடக்கும். கிராவல் தேவைப்படும்போது மண்மேடு கரைகிறது, ஜல்லிக்கு மதகுக் கல் பெயர்கிறது. இவற்றின் மேல் ரயில்வேக்கு உரிமை இருக்கும்வரை, வரைபடத்தில் ஒரு கோடு போட்டு எண் கொடுப்பதற்கு ஒரு ரூபாய் டெண்டர்கூடத் தேவையில்லை.

கட்டடங்களில் நம்பிக்கை தரும் முன்மாதிரி இருக்கிறது. தொட்டஜாலா, தேவனஹள்ளி, அவதிஹள்ளி, நந்தி ஹால்ட் நிலையங்களுக்காக ரயில்வே, மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளையோடு கைகோத்தது. பாராட்டுகிறோம். ஆனால் அந்த நாலோடு கதை முடிந்துவிடக் கூடாது. மற்ற இடங்களில் பழைய சுவருக்கு வழக்கமான மராமத்து எஸ்டிமேட்தான் போகிறது, அதில் சிமென்ட் பூச்சும் எனாமல் பெயிண்டும்தான் வருகின்றன. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கல் சுவரோ செங்கல் சுவரோ மூச்சு விடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக வெளியேறிக் காயும். மேலே சிமென்ட் பூசினால் அந்த ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் படிந்து, மூன்று நான்கு மழைக்காலத்தில் கல்லே பொருக்காகப் பெயர்ந்து விழும். பெயர்ந்ததைப் பார்த்து 'கட்டடம் பலவீனம்' என்று எழுதி இடிப்பதற்கு வழி செய்கிறார்கள். பலவீனத்தைக் கொண்டுவந்தது மராமத்து.

சரியான வேலைக்குச் சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துப் பல வாரங்கள் புளிக்கவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக் களிம்புக்கு மூன்று பங்கு மணலோ, மணலும் செங்கல் தூளுமோ சேர்க்க வேண்டும். இணைப்புகளில் பழைய காரை எவ்வளவு ஆழம் உதிர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் சுரண்ட வேண்டும். பூசிய இடத்தை நனைத்த சாக்கால் மூடி, வெயில் படாமல் மெதுவாகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் வேண்டாம். கூரையிலிருந்து மங்களூர் ஓடுகளை இறக்கினால் ஒவ்வொன்றின் அடிப்புறத்தையும் பாருங்கள். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து ஓட்டில் ஆலை முத்திரை குத்துவது வழக்கமாக இருக்கிறது. உடைந்த ஓட்டிலும் அந்த முத்திரை இருக்கும். உடைந்ததை மட்டும் மாற்றுவதற்குப் பதில் மொத்தக் கூரைக்கும் தகரம் போடுவது மலிவாகத் தெரியும். ஓட்டின் பாரத்துக்கென்று கட்டிய மரச்சட்டத்தில் தகரத்தைச் சரியாக இறுக்காவிட்டால் காற்றுக்கு அது தூக்கிக்கொள்ளும்.

இனி காகிதம். எங்களுக்குப் பெரிய அச்சம் இதில்தான். இந்தக் கிளைகளின் ஆவணங்கள் ஒரே இடத்தில் பிறந்து ஒரே இடத்தில் தங்கவில்லை. மெட்ராஸ் ரயில்வே, 1908இல் உருவான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே, 1951 முதல் தெற்கு ரயில்வே, 2003 முதல் தென்மேற்கு ரயில்வே என்று கைமாறிக்கொண்டே வந்தவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சென்னையில் தங்கியது, கொஞ்சம் மைசூருக்குப் போனது, கொஞ்சம் பெங்களூரில் கிடக்கிறது. ஆகவே ஒரு அலுவலகம் 'இது இரட்டைப் பிரதி, வேறு இடத்தில் இருக்கும்' என்று கழிப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து. வேறு இடத்திலும் அதையே சொல்லிக் கழித்திருப்பார்கள். தேடும்போதும் பழைய பெயரில் தேட வேண்டும். பங்காருபேட்டை என்று அட்டவணையில் இல்லாத கோப்பு பவுரிங்பேட்டை என்ற பெயரில் அலமாரியில் இருக்கும். சிக்கபள்ளாப்பூரையும் தங்கவயலிலுள்ள ஊரிகத்தையும் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் பல விதமாக எழுதியிருப்பார்கள்.

எதைக் கழிக்கவே கூடாது என்று கேட்டால் சொல்கிறோம்: சரிவும் வளைவும் பாலமும் ஒரே தாளில் வரும் நெடுக்குவெட்டு வரைபடங்கள், பாலப் பதிவேடு, நில எல்லை வரைபடங்கள், அலுவலக உபயோகத்துக்கான வேலை நேர அட்டவணைகள், நிலைய விதிகள், விபத்து விசாரணைக் கோப்புகள், கட்டண அட்டவணைகள். பயணிகளுக்கு அச்சிட்ட டைம் டேபிள் ரயில் எப்போது வந்தது என்று மட்டும் சொல்லும். வேலை நேர அட்டவணைதான் எந்த இன்ஜின் எத்தனை வண்டி இழுத்தது, எங்கே தண்ணீர் பிடித்தது, எந்த வளைவில் எவ்வளவு வேகக் கட்டுப்பாடு என்று சொல்லும். பழைய அட்டை டிக்கெட்டுகள், தேதி குத்தும் மெஷின், இரு நிலையங்களுக்கு இடையே வண்டி போக ஓட்டுநருக்கு அனுமதியாகக் கொடுத்த, அந்த நிலையங்களின் பெயர் பொறித்த டோக்கன்கள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவையும் ஆவணங்கள்தான். பித்தளை என்று லாட்டில் சேர்க்காதீர்கள்.

கையாளும்போது நேரும் சேதத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய வரைபடங்களில் பல, கஞ்சி ஏற்றிய டிரேசிங் துணியில் மையால் வரைந்தவை. தூசி துடைக்கிறேன் என்று ஈரத்துணி பட்டால் அந்த இடம் வெளுத்துச் சுருங்கும், கோடு கரையும். நீல அச்சு வரைபடம் வெயிலில் வெளுக்கும். லாமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க வழியில்லை. செலோடேப் சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளைத் தின்னும். மடிப்பில்தான் முதலில் கிழியும் என்பதால் மடிக்காமல், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் வெளிப்புறமாகச் சுற்றி, மேலே பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். மென்மையான உலர்ந்த பிரஷ், நேராக மேலிருந்து எடுத்த படம், ஓரத்தில் ஒரு அளவுகோல், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் ஒவ்வொரு மத்திய அரசு அலுவலகத்திலும் ஒரு ஆவண அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. 25 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து மதிப்பிடச் சொல்கிறது. 1892க்கு முன் உருவான ஆவணத்தை, எதற்கும் உதவாதபடி சிதைந்தாலன்றி, அழிக்கவே கூடாது என்கிறது. ஜோலார்பேட்டை பாதையின் தொடக்கக் காலக் கோப்புகள் இந்த வரம்புக்குள் வருகின்றன. 1894இல் திறந்த தங்கவயல் கிளையின் கோப்புகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் வெளியே நிற்கின்றன. அந்த ஓரிரு ஆண்டைக் காரணம் காட்டி அவற்றைக் கழிப்பீர்களா?

கடைசியாக மனிதர்கள். நேரோ கேஜ் காலத்தில் பாதையைப் பராமரித்த கேங்மேன்கள், கீமேன்கள், தண்டவாளம் மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேன்கள், இன்ஜினில் நெருப்பைக் கவனித்த ஃபயர்மேன்கள் பலர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுபவர்கள். ஓய்வுக்குப் பின் பெங்களூரிலும் பங்காருபேட்டையிலும் தங்கவயலிலும் வாழ்கிறார்கள்; வயது எண்பதைத் தாண்டுகிறது. அவர்களிடம் 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால் நல்ல காலம் என்ற பதில்தான் வரும். நெடுக்குவெட்டு வரைபடத்தை முன்னால் விரித்து, எந்தக் கிலோமீட்டரில் ஜல்லி நிற்காமல் ஓடும், எந்த மதகில் மழைக்கு இரவு ரோந்து போனீர்கள், இந்த வளைவில் ஆணி ஏன் தளரும் என்று கேட்க வேண்டும். வரைபடம் முன்னால் இருந்தால் நினைவு வரும். வரைபடத்தைக் கழித்துவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. பட்டியலிட்ட கழிவுப் பொருட்களின் ஏலத்தை 90 நாட்கள் நிறுத்தி வையுங்கள். அந்த நாட்களுக்குள் ஒவ்வொரு பழைய நிலையத்தையும் மூன்று பேர் ஒரு பகல் முழுவதும் பார்த்து, மேலே சொன்ன முறையில் குறி படித்து, படம் எடுத்து, எண் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அனுமதியில்லாமல் ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அறிவோம். ஆகவேதான் எழுத்து மூலம் அனுமதி கேட்கிறோம். உங்கள் பாதைப் பிரிவு ஊழியர் ஒருவர் கொடியோடு உடனிருக்க, ஒளிரும் சட்டை அணிந்து, நீங்கள் சொல்லும் நேரத்தில் மட்டும் வர நாங்கள் தயார், கூலி வேண்டாம்.

படித்த பிறகு குறிக்கு ஒரு துண்டு வீதம் அந்தந்த நிலையத்திலேயே ஒன்றும், 1979 முதல் இருக்கும் மைசூரு ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒன்றும் ஒதுக்குங்கள். 1950க்கு முந்தைய கட்டடங்களின் மராமத்து எஸ்டிமேட்டில் சிமென்ட் பூச்சை நீக்கிச் சுண்ணாம்பு வேலையைச் சேர்க்கக் குறிப்பாணை அனுப்புங்கள். பதிவேட்டு அறையில் கழிக்க ஒதுக்கிய கோப்புகளின் தலைப்புப் பட்டியலை வெளியிடுங்கள், ஆவண அலுவலர் யார் என்று அறிவியுங்கள், தேசிய ஆவணக் காப்பகத்தின் கருத்து வரும்வரை ஒரு தாளையும் வெளியே அனுப்பாதீர்கள். ஓய்வுபெற்ற ஊழியர்களின் பட்டியலை எங்களுக்குத் தர வேண்டாம், அது அவர்களின் சொந்த விவரம். எங்கள் அழைப்பை ஓய்வூதியப் பிரிவின் வழியாக அவர்களுக்குச் சேர்ப்பித்தால் போதும், விருப்பமுள்ளவர்கள் வருவார்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வரும்வரை கேஸ் கட்டரைத் தண்டவாளத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

பழைய கிளைப்பாதைகளைத் தேடிப் பதிவு செய்யும் பெங்களூர்த் தமிழர்கள்